டூலைத்தானே மாத்தினோம்

பில்டு உடைந்த அன்று டீமில் எழும் முதல் கேள்வி, "கோடை யார் தொட்டது?" யாரும் தொடவில்லை என்று தெரிந்ததும் மேனேஜர் அடுத்ததைக் கேட்பார். "டூலைத்தானே மாத்தினோம்? அதுக்கு எதுக்கு இத்தனை நாள்?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதே என் பிழைப்பாகிப்போனது. கிண்டியில் ஒரு சின்ன கம்பெனி, பிறகு ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்கள், 2020-க்குப் பிறகு சாலவாக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறை. இடம்தான் மாறியது. புது கம்பைலர், புது ஜாவா, புது கிரேடில் என்று எது வந்தாலும், அது வந்த மறுநாள் படுத்துக்கொள்ளும் புராஜெக்ட்டை எழுப்பி ஓடவைப்பது என் வேலை. விசிட்டிங் கார்டில் புரோகிராமர் என்று போட்டிருக்கும். எழுதிய கோடு கொஞ்சம்தான், படித்த எர்ரர்தான் மலை மலையாக.

விஷுவல் சி++ 6 வந்தது 1998-ல். அதைவிட்டு நகர மாட்டேன் என்று 2006, 2007 வரை பிடிவாதமாக இருந்த கம்பெனிகள் சென்னையில் நிறைய. ஓடுகிறதை எதற்கு ஆட்டவேண்டும் என்ற நியாயம்தான். எங்கள் கிளையன்ட் ஒருவர் 2005 பதிப்புக்கு மாறியே ஆகவேண்டும் என்றார். பழைய புராஜெக்ட்டைத் திறந்ததும், புது வடிவத்துக்கு மாற்றித் தரட்டுமா என்று டூலே கேட்டது. சரி என்று அழுத்திவிட்டு பில்டு கொடுத்தால் ஆயிரத்துக்கும் மேல் எர்ரர். புதிதாகச் சேர்ந்த பையன்கள் முகம் வெளுத்து நின்றார்கள்.

ஆயிரத்துக்கும் வேர் நாலைந்துதான். ஐஓஸ்ட்ரீம்.எச் என்ற பழைய ஹெடரை 2003 பதிப்பிலேயே தூக்கிவிட்டார்கள். வகை எழுதாமல் விட்டதை ‘இன்ட்’ என்று தானே எடுத்துக்கொள்ளும் வழக்கம் 2005-ல் நின்றது. பெரிய தலைவலி ஃபார் லூப். லூப்பின் தலையில் அறிவித்த ‘ஐ’ லூப் முடிந்ததும் செத்துவிடவேண்டும் என்பது சி++ தரத்தின் விதி. விஷுவல் சி++ 6 அதைக் கண்டுகொள்ளவில்லை, லூப்புக்கு வெளியிலும் ‘ஐ’யை உயிரோடு விட்டுவைத்தது. எங்கள் ஆட்கள் முதல் லூப்பில் மட்டும் ‘இன்ட் ஐ’ என்று எழுதிவிட்டு, கீழே வருகிற லூப்புகளில் எல்லாம் வெறும் ‘ஐ’யைப் போட்டு வருஷக்கணக்கில் ஓட்டியிருந்தார்கள். 2005 பதிப்பு தரப்படி நடக்க ஆரம்பித்ததும் கீழே இருந்த ஒவ்வொரு ‘ஐ’யும் ஊர் பேர் தெரியாத ஆளாகிவிட்டது.

பழைய கிராம நிர்வாக அலுவலர் ஆளைப் பார்த்தே கையெழுத்துப் போட்டிருப்பார், மாற்றலாகி வந்தவர் சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்பார். நிலமும் அதே, பயிரும் அதே. எங்கள் கோடின் கதையும் அதுதான். அதற்கப்புறம் அப்கிரேடு என்று யார் வந்து நின்றாலும் நான் கேட்பது ஒன்றுதான்: பழைய டூல் நமக்காகச் சொல்லாமல் செய்துகொண்டிருந்தது என்ன? ரிலீஸ் நோட்டில் புதிதாக என்ன வந்தது என்பதை எல்லோரும் படிப்பார்கள். எதை எடுத்துவிட்டார்கள், எந்த வழக்கத்தை மாற்றினார்கள் என்பது எங்கோ அடியில் கிடக்கும். எனக்குச் சோறு போட்டது அந்த அடிப்பகுதி.

எர்ரர் வருகிற அப்கிரேடு நல்ல அப்கிரேடு. பயப்படவேண்டியது சத்தமில்லாமல் தேறுகிறதைப் பார்த்து. அதே புராஜெக்ட்டில், எல்லா எர்ரரையும் தீர்த்து, பில்டு சுத்தமாக முடிந்து, டெஸ்டிங்குக்கும் போய்விட்டது. பழைய டேட்டா ஃபைலைத் திறந்ததும் தேதிகள் எல்லாம் கன்னாபின்னா என்று வந்தன. வாடிக்கையாளர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் குப்பை. 2005 பதிப்பில் நேரத்தைக் குறிக்கும் ‘டைம்_டி’ என்ற வகை, 32 பிட் புரோகிராமிலும் தானாகவே 64 பிட் ஆகிவிட்டது. 2038-ல் 32 பிட் கணக்கு நிரம்பிவிடும் என்பதற்காகச் செய்த நல்ல காரியம். ஆனால் எங்கள் புரோகிராம் ஒரு ஸ்ட்ரக்சரை அப்படியே எடுத்து ஃபைலில் கொட்டுகிற ரகம். நான்கு பைட் இருந்த இடம் எட்டு பைட் ஆனதும், அதற்குப் பின்னால் இருந்த எல்லாமே தள்ளிப்போய் உட்கார்ந்துவிட்டன. கம்பைலருக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதன் கணக்கில் எல்லாம் சரி. 32 பிட் நேரமே போதும் என்று சொல்லும் ஒரு மேக்ரோவைப் போட்டு அன்றைக்குச் சமாளித்தோம். ஃபைல் வடிவத்துக்கு வெர்ஷன் எண் கொடுத்து முறையாக மாற்றியது அப்புறம்தான்.

ஆயிரம் எர்ரரைப் படிப்பதற்கென்று தனி வித்தை ஒன்றும் கிடையாது. முதல் எர்ரரை மட்டும் படி, சரிசெய், திரும்ப ஓட்டு. ஸ்கிரீனில் கண்ணில் படுவது கடைசி எர்ரர் என்பதால் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஹெடர் கிடைக்காமல் போனால் அதிலிருக்கும் பெயர்களைப் பயன்படுத்திய அத்தனை ஃபைலும் அழும். அழுகிறவர்களிடம் விசாரித்து என்ன பயன்? பல கோர்கள் ஒரே நேரத்தில் பில்டு செய்ய ஆரம்பித்த பிறகு முதல் எர்ரரைக் கண்டுபிடிப்பதே கஷ்டமாகிவிட்டது, நாலு ஃபைலின் லாக் ஒன்றோடொன்று கலந்து வரும். அப்போதெல்லாம் ஒரே கோரில், மெதுவாக ஓட்டச் சொல்வேன். "மெஷின்ல இத்தனை கோர் வாங்கிக் குடுத்தது எதுக்கு?" என்று கேட்ட டீம் லீட் உண்டு.

லினக்ஸ் பக்கம் வேறு மாதிரி வலி. 2002-ல் வந்த ரெட் ஹாட் 8-ல் ஜிசிசி கம்பைலரின் 3.2 பதிப்பு இருந்தது. அதற்கு முந்தைய ஜிசிசி-யில் செய்த சி++ லைப்ரரி எதுவும் இதோடு ஒட்டாது. சி++ கம்பைலர் ஒவ்வொரு ஃபங்ஷன் பெயரையும் அது வாங்கும் வகைகளோடு சேர்த்துப் பிசைந்து நீளமான ஒரு பெயராக்கி வைக்கும். பிசைகிற முறையே 3-ஆம் வரிசையில் மாறிவிட்டது. எங்களிடம் சோர்ஸ் இருந்தவற்றை மறுபடி பில்டு செய்தோம். வெளியாரிடம் விலைக்கு வாங்கிய ஒரு லைப்ரரிக்கு சோர்ஸ் இல்லை, விற்ற கம்பெனியும் அப்போது இல்லை. லிங்கர், இந்தப் பெயர் கிடைக்கவில்லை என்கிறது. லைப்ரரியைத் திறந்தால் அந்த ஃபங்ஷன் கண்ணெதிரே இருக்கிறது. ‘என்எம்’ என்ற கமாண்டால் லைப்ரரியில் உள்ள பெயர்களைக் கொட்டி, லிங்கர் தேடும் பெயரைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டபோதுதான் இரண்டும் வேறு என்று புரிந்தது. கடைசியில் அந்த லைப்ரரியைப் பழைய கம்பைலரில் ஒரு தனிப் புரோகிராமாகவே ஓடவிட்டு, சாக்கெட் வழியாகப் பேசிக்கொண்டோம். அழகான தீர்வு இல்லைதான். ஆனால் நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்த நாள்வரை ஓடிக்கொண்டிருந்தது.

2015-ல் ஜிசிசி 5 வந்தபோது இதே கதையின் சின்னப் பதிப்பு ஒன்று நடந்தது. ஸ்ட்ரிங் வகையின் உள்ளமைப்பு மாறியது. இந்த முறை பழையதும் புதியதும் ஒரே லைப்ரரிக்குள் சேர்ந்தே இருக்கும்படி செய்து, எது வேண்டும் என்று சொல்ல ஒரு மேக்ரோவும் கொடுத்தார்கள். எர்ரரில் ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ என்ற சொல் தலைகாட்டினால் பிழை எங்கே என்று நொடியில் சொல்லிவிடலாம். டூல் செய்கிறவர்களும் அடிபட்டுக் கற்றுக்கொள்கிறார்கள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

2008-ல் ஜிசிசி 4.3 ஹெடர்களைச் சுத்தம் செய்தபோது, அதுவரை எந்த ஹெடர் வழியாகவோ ஓசியில் வந்துகொண்டிருந்த ‘எஸ்டிஆர்லென்’ போன்றவை நின்றுபோயின. தேவையான ஹெடரை ஒவ்வொரு ஃபைலிலும் சேர்த்தால் போதும். சலிப்பான வேலைதான், ஆபத்து இல்லை. 2020-ல் ஜிசிசி 10, ஒரே குளோபல் மாறியைப் பல சி ஃபைல்களில் அறிவித்தால் சத்தமின்றி ஒன்றாக்கிவிடும் பழைய வழக்கத்தை நிறுத்தியது. அப்போது நான் பார்த்த ஒரு கோடில் ஒரே பெயரில் இரண்டு பேர், இரண்டு வேறு காரியத்துக்கு, ஒரே மாறியைப் பயன்படுத்திவந்தது வெளியே வந்தது. சில நேரம் கவுன்ட்டர் ஏன் தாவுகிறது என்று அதுவரை யாருக்கும் புரியாமல் இருந்த புதிரும் அதோடு தீர்ந்தது. பழைய வழக்கத்தைத் திரும்ப வரவழைக்க ஒரு ஃபிளாக் இருந்தது. அதைப் போட்டிருந்தால் பில்டு உடனே தேறியிருக்கும், கவுன்ட்டரும் தாவிக்கொண்டே இருந்திருக்கும்.

இந்த ஃபிளாக்குகளைப் பற்றி எனக்கு ஒரு கறாரான கருத்து உண்டு. போடலாம், தப்பில்லை. ரிலீஸ் ராத்திரியில் யாராக இருந்தாலும் போடத்தான் செய்வார்கள். ஆனால் ஏன் போட்டோம், எப்போது எடுப்போம் என்று பக்கத்திலேயே எழுதவேண்டும். ஜாவா 9 வந்தது 2017-ல். ஜாவாவின் உள்ளறைகளுக்குள் கைவிட்டு எடுக்கும் லைப்ரரிகளை அது உடனே தடுக்கவில்லை, எச்சரிக்கை மட்டும் கொடுத்தது. 16-ல் தானாகத் தடுத்தது, வேண்டுமானால் ஃபிளாக் போட்டுத் தாண்டலாம். 2021-ல் வந்த 17-ல் அந்த ஃபிளாக்கையே எடுத்துவிட்டார்கள். நான்கு வருஷம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்த பல டீம்களில் அந்த எச்சரிக்கை வரி லாக்கில் கண்ணில் படாமலிருக்க வடிகட்டி போட்டு வைத்திருந்தார்கள்.

சர்வீஸ் கம்பெனிகளுக்கு இதெல்லாம் நல்ல வருமானம். விஷுவல் பேசிக் 6-க்கான ஆதரவு 2008 ஏப்ரலில் முடிகிறது என்றதும், ‘மைக்ரேஷன் புராஜெக்ட்’ என்ற பெயரில் கல்லூரியிலிருந்து நேராக வந்த பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர், தாங்கள் எதை மாற்றுகிறோம் என்று தெரியாமலே இரண்டு வருஷம் ஓட்டினார்கள். அதைப் பற்றி இதற்குமேல் சொன்னால் கோபம் வரும்.

தமிழ் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லவேண்டும், வெளிநாட்டுப் புத்தகத்தில் இதற்குப் பதில் கிடைக்காது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு எழுத்து முறைகள் வந்தன. 2010-ல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் எழுதிய ஏராளமான சாஃப்ட்வேர்களில் தமிழ் வாசகங்கள் டாப் எழுத்தில், சோர்ஸ் ஃபைலுக்குள்ளேயே இருக்கின்றன. எடிட்டரில் சாதாரண ஃபான்டில் திறந்தால் தொப்பி வைத்த பிரெஞ்சு எழுத்துகள் மாதிரி தெரியும். திரையில் டாப் ஃபான்டைக் காட்டினால் ‘ரசீது’ என்று அழகாக வரும்.

அப்படி ஒரு பில்லிங் சாஃப்ட்வேர், ஜாவாவில். விண்டோஸ் மெஷினில் ஜாவா 17 வரைக்கும் கம்பைலர், ஃபைல் எந்த எழுத்து முறையில் இருக்கிறது என்று சொல்லாவிட்டால் அந்த மெஷினின் வழக்கமான முறையை எடுத்துக்கொள்ளும். எங்கள் மெஷின்களில் அது விண்டோஸ்-1252. பைட்டுகள் அப்படியே உள்ளே போய் அப்படியே வெளியே வந்தன. 2022-ல் வந்த ஜாவா 18 முதல், எந்த மெஷினாக இருந்தாலும் யுடிஎஃப்-8தான். 21-க்கு மாறிய அன்று, இந்த எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று லாக் பக்கம் பக்கமாக ஓடியது. தமிழ் வாசகம் இருந்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு புகார். ஃபைலின் எழுத்து முறை இதுதான் என்று பில்டு ஸ்கிரிப்ட்டில் ஒரே வரி சேர்த்ததும் அடங்கியது. அதோடு விட்டிருக்கலாம். அந்த வாசகங்களை ஒரு தனி ஃபைலுக்குக் கொண்டுபோய் யூனிகோடாக மாற்றிவிடுவோம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும் டாப் வரிசையை, எழுத்துக்குப் பின்னால் வரும் யூனிகோடு வரிசைக்கு மாற்றுவதில் ‘கொ’வும் ‘கௌ’வும் தந்த தொல்லை தனிக் கட்டுரைக்கு ஆகும்.

முன்பெல்லாம் பில்டுக்கு வேண்டியது எல்லாம் ஒரே அறையில் இருக்கும். சிடி, லைசன்ஸ் சாவி, மூலையில் ‘தொடாதே’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு மெஷின். அந்த மெஷின் செத்தால் ரிலீஸ் செத்தது. இன்று அந்த மெஷினின் இடத்தில் டாக்கர் இமேஜ் இருக்கிறது, வெர்ஷன் எண்ணோடு. இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பழைய ஆட்களுக்குத்தான் தெரியும். ஆனால் மற்ற எல்லாம் அறையை விட்டு வெளியே போய்விட்டன. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி ஜாவாஸ்கிரிப்ட் பொட்டலத்தை எழுதியவர் அதை நீக்கிவிட, உலகம் முழுக்க பில்டுகள் விழுந்தன. 2020 ஜனவரி 15 முதல் ஜாவா லைப்ரரிகளின் கிடங்கான மேவன் சென்ட்ரல், ‘எச்டிடிபிஎஸ்’ இல்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது. 2021 பிப்ரவரியில் அதே மாதிரி இன்னொரு கிடங்கான ஜேசென்டரை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. யாரும் கோடைத் தொடவில்லை, டூலைக்கூடத் தொடவில்லை. நேற்று ஓடியது இன்று ஓடாது, அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து நான் சாலவாக்கம் திரும்பிய பிறகு இது இன்னும் நன்றாக உறைத்தது. ஆபீஸ் நெட்டில் கண் மூடித் திறப்பதற்குள் இறங்கும் கிரேடில் ஜிப், மொட்டை மாடியில் போன் ஹாட்ஸ்பாட்டில் இறங்க அரை மணி ஆகும். பாதியில் கரண்ட் போகும். ஊரடங்கு தளர்ந்ததும் கல்குவாரி டிப்பர்கள் ஓட ஆரம்பித்தன. அவை கடந்து முடிக்கும்வரை மீட்டிங்கில் மியூட். எந்தப் பில்டு எதையெல்லாம் வெளியிலிருந்து இழுக்கிறது என்பதை அதுவரை நான் அவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை. மெதுவான நெட்டில்தான் ஒவ்வொரு பெயராக ஓடுவதைப் படிக்க முடிந்தது. பாதிக்குமேல் எங்களுக்குத் தேவையே இல்லாதவை. ‘எப்போதும் கடைசி வெர்ஷன்’ என்று கூட்டல் குறி போட்டு வைத்திருந்த இடங்களில் எல்லாம் எண்ணைப் பூட்டினோம். இறங்கிய எல்லாவற்றையும் எங்கள் சர்வரிலேயே ஒரு பிரதி வைத்தோம்.

ஊரில் இருப்பது தெரிந்ததும் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தெரு பையன், இன்ஜினியரிங் கடைசி வருஷம். அவன் சீனியர் ஒருவன் பால் சொசைட்டிக்காக ஒரு ஆண்ட்ராய்டு ஆப் செய்து கொடுத்திருந்தான். யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு அல்லாத திடப்பொருள் (எஸ்.என்.எஃப்.) எவ்வளவு என்று கணக்கு வைப்பது. இவன் அதில் பத்து நாள் பட்டுவாடாக் கணக்கைச் சேர்க்கவேண்டும்.

"ஸ்டூடியோவை அப்டேட் பண்ணேன்ணா. அதுலேந்து எதுவுமே ஓடல. ஏதோ 61னு வருது."

"அந்த 61-லேந்து 44-ஐக் கழி."

"பதினேழு."

"ஜாவா 17. புது ஸ்டூடியோ தன்னோட ஜாவா 17-ஐக் கொண்டாந்துடுச்சு. உன் புராஜெக்ட்ல இருக்கிற கிரேடில் பழசு, அதுக்கு 17-ஐப் படிக்கத் தெரியாது."

அவன் அதற்குள் இணையத்தில் கிடைத்ததை எல்லாம் செய்து பார்த்திருந்தான். கிரேடிலை ஏற்றி, பிளகினை ஏற்றி, கோட்லினை இறக்கி, ஒரு ஏஐ-யிடம் எர்ரரை ஒட்டி, அது சொன்ன நாலு ஃபிளாக்கையும் போட்டு, எது எதனால் உடைந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாத நிலைக்குக் கொண்டுவந்திருந்தான். ஏஐ சொன்ன பதில்கள் தனித்தனியாகப் பார்த்தால் தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு வெர்ஷனுக்கான பதில்.

"உங்க சீனியர் குடுத்த ஜிப் இருக்கா, தொடாதது?"

பென் டிரைவில் இருந்தது. தனி ஃபோல்டரில் விரித்தோம். ஸ்டூடியோ செட்டிங்கில் கிரேடிலுக்கு மட்டும் ஜாவா 11-ஐக் காட்டினோம். ஜேசென்டர் என்றிருந்த இடத்தில் மேவன் சென்ட்ரல். எந்த மேம்பாடும் செய்யாமல், முதலில் பழைய ஆப் பழையபடி பில்டு ஆகிறதா என்று மட்டும் பார்த்தோம். ஆனது. கிட்டில் ஒரு கமிட். பிறகு கிரேடிலையும் பிளகினையும் 7-க்கு. ‘கம்பைல்’ என்ற பழைய சொல்லை ஏற்க மாட்டேன் என்றது, ‘இம்ப்ளிமென்டேஷன்’ ஆக்கினோம். கமிட். பிறகு 8, ஜாவா 17. நேம்ஸ்பேஸ் எங்கே என்றது, மேனிஃபெஸ்ட்டில் இருந்த பேக்கேஜ் பெயரை பில்டு ஃபைலுக்கு நகர்த்தினோம். கமிட். ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு எர்ரர், அதற்கு ஒரே ஒரு காரணம். பையனுக்கு இது ரொம்ப மெதுவாகப் பட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது என்று கவனித்தபோது கொஞ்சம் அமைதியானான்.

சொசைட்டிக்குப் போய் அங்கிருந்த போனில் புது ஆப்பைப் போட்டால் ஏற மறுத்தது. எதிர்பார்த்ததுதான். சீனியர் தன் லேப்டாப்பிலிருந்து டீபக் பில்டைத்தான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அதன் கையெழுத்துச் சாவி அவன் லேப்டாப்பில். வேறு சாவி போட்ட ஆப்பை ஆண்ட்ராய்டு அதன்மேல் ஏற்றாது. பழையதை அழித்துவிட்டுப் போடலாம், ஆனால் அழித்தால் கணக்கும் போய்விடும். சீனியர் இப்போது ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட். போன் எடுத்ததும், "அந்த லேப்டாப்பை வித்துட்டேன்டா" என்றான்.

டீபக் பில்டாகக் கொடுத்ததுதான் காப்பாற்றியது. அந்த வகை ஆப்பின் உள் ஃபோல்டரை யுஎஸ்பி கேபிள் மாட்டி ‘ஏடிபி’ வழியாகத் திறக்கலாம், ‘ரன்-ஆஸ்’ என்று ஒரு கமாண்டு. கணக்கு டேட்டாபேஸை முழுதாக லேப்டாப்புக்கு எடுத்து, திறந்து, கடைசி வரி அன்று காலைப் பால்தானா என்று சொசைட்டிக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, பழைய ஆப்பை அழித்தோம். புதிதைப் போட்டு, அதே வழியில் டேட்டாபேஸை உள்ளே வைத்தோம். சாயங்காலப் பால் வருவதற்கு முன் முடிந்தது. அடுத்த தடவைக்காக, புதிதுக்கென்று உண்டாக்கிய முறையான சாவியின் ஒரு பிரதியை என்னிடமும் ஒன்றை சொசைட்டி பீரோவிலும் வைக்கச் சொன்னேன். பாஸ்வேர்டைப் பையன் தன் பிறந்த தேதியாக வைக்கப் பார்த்தான், மாற்றச் சொல்லிவிட்டேன்.